திரைக்குப் பின்னால் ஓடிய நாடா

செல்வின் சொல்வது பொய். நேற்று தங்கச்சி மகள் கைபேசியில் காட்டினாள். நரைத்த தாடியோடு மேடையில் நிற்கிறான். கிட்டாரில் கொஞ்சம் வாசித்துவிட்டுக் காலடியில் இருக்கும் பெட்டியை மிதிக்கிறான். வாசித்தது திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. முடித்துவிட்டு, "இந்தப் பொட்டியெல்லாம் வாரதுக்கு முந்தியே ஸ்ரீவில்லிபுத்தூர்ல இதத் தனியாச் செஞ்சவன் நான்" என்கிறான்.

தனியாகவாம். என் வலது தோளைக் கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தேன். அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். காலை ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சோடு அங்கேதான் போவேன். மிஷின் சூட்டில் கேசட் நாடா ஒரு மாதிரி மணக்கும், வெயிலில் வைத்த புதுச்செருப்பு மாதிரி. இப்போதும் புதுச்செருப்பு வாங்கினால் முகர்ந்து பார்க்கிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

அங்கே பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று சும்மா கிடந்தது. செல்வின் நாடாவில் ஒரு துண்டு வெட்டி, முனையோடு முனை ஒட்டி வளையமாக்கினான். பழையதை அழிக்கும் ஹெட்டைச் சிகரெட் அட்டையால் மறைத்தான். அப்படிச் செய்தால் முன்பு வாசித்தது அழியாது, புதியது அதன் மேலேயே பதியும். ஆனால் வளையம் பெரியது, மிஷினுக்கு வெளியே தொங்கியது. தொய்ந்தால் சுருதி அழும். மில்லிலிருந்து நூல் சுற்றும் பாபின் ஒன்று கொண்டுவந்து, நாடாவை அதைச் சுற்றி ஓடவிட்டு, நான்தான் விறைப்பாகப் பிடித்தேன். கிட்டார் எனக்கு வராது. நான் தொட்டால் கொசு மாதிரி முனகும். இழையின் விறைப்பு மட்டும் தெரியும்.

"செத்த நேரம் ஆடாம இருலே. நீ மூச்சு விட்டாக்கூடப் பாட்டு நெளியுது."

"அப்ப என் மூச்சையும் நீயே விடு மாப்ள."

ஒவ்வொரு சுற்றுக்கும் பழைய வாசிப்பு கொஞ்சம் மங்கும். எல்லாவற்றுக்கும் அடியில் மங்கிக்கொண்டே போகும் அந்த முதல் வாசிப்பு இருக்கிறதே, அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அதற்கு மனசு ஏங்குகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. "என்னையும் மேடையில உக்கார வையி. நாடா ஓடுறத சனம் பாக்கட்டும்" என்றேன்.

"ஆளத் தெரிஞ்சா வித்த போயிரும்லே" என்று எனக்கு முன்னால் திரை கட்டிவிட்டான்.

ஒரே ஆளிடமிருந்து நாலு கிட்டார் வந்தது. முன்வரிசையில் ஒருவர், "உள்ள மூணு பேர ஒளிச்சு வச்சிருக்கானோ" என்றார். கூட்டம் சிரித்தது. செல்வின் மைக்கில், "யாருமில்ல அண்ணாச்சி, நான் ஒருத்தன்தான்" என்றான். என் கை ஆடியது. ஒரு சுற்று சுருதி நெளிந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் உள்ளே வந்து என் தோளைத் தேய்த்துவிட்டான். "மரத்துப் போச்சாலே?" அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது பரோட்டா கடை. மிஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் ஒட்டிய வளையங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் சொல்வதற்கு இருக்கும் ஒரே சாட்சி செல்வின்தான்.

செல்வின், வீட்டுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே. மைக்கில்தானே சொன்னாய், மைக்கிலேயே பதில் சொல். அன்று திரைக்குப் பின்னால் இருந்தது யார்?