முதல் பானையின் புளிப்பு

சென்ற வாரம் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் அடித்தது. கேழ்வரகு மாவு கரைத்து வைத்திருந்த டப்பா மூடி உப்பிக் கிடந்தது. என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். தலையைத் தூக்காமலே, "கொட்டிடும்மா" என்றாள். நான் கொட்டவில்லை. கிட்டத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். கெட்டுப்போன நாற்றம் வேறு, புளித்த வாசனை வேறு. இது புளிப்புதான். இந்த வித்தியாசம் தெரிய நான் ஒரு காலத்தில் படாத பாடு பட்டிருக்கிறேன்.

மகள் திடீரென்று சிரித்தாள். பூமியில் முதல் உயிர் எப்படித் தோன்றியது என்று ஒரு கேள்வி. ஒரு பையன் "அது இன்னும் யாருக்கும் தெரியாது" என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டானாம். எழுதியது உண்மைதான், ஆனால் இதற்கு எப்படி மார்க் போடுவது என்று கேட்டாள். எனக்கு உடனே என் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது. மாமியாருக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்கிறேன்.

என் அப்பா வில்லியனூர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர். பிரெஞ்சுக்காரர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் பெண்ணைப் படிக்க வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சேர்த்தார். அங்கே சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கழுத்து நீண்டு வளைந்த கண்ணாடிக் குடுவை, உள்ளே கொதிக்க வைத்த சாறு. கன்னியாஸ்திரி பிரம்பால் தொட்டுக் காட்டுவார். காற்று உள்ளே போகிறது, தூசு கழுத்து வளைவில் தங்கிவிடுகிறது, அதனால் சாறு கெடவில்லை. கழுத்தை உடைத்தால் சில நாளில் கெட்டுவிடும். ஆகவே எந்த உயிரும் தானாக முளைப்பதில்லை, உயிரிலிருந்துதான் உயிர் வரும். இதைச் செய்து காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதால் அந்தப் பாடத்தன்று மட்டும் அவர் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். நாங்கள் வரிசையாக நின்று பிரெஞ்சில் ஒப்பித்தோம். கிளிக்கு என்ன புரியுமோ அது எங்களுக்கும் புரிந்தது. கொதிக்க வைத்தால் கெடாது என்ற ஒரு வரி மட்டும் என் தலையில் ஆணி அடித்தது போல உட்கார்ந்துவிட்டது.

பதினெட்டு வயதில் ஒரு மாசி மாதம் என்னைப் பாகூரில் கட்டிக்கொடுத்தார்கள். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அடுக்களை மூலையில் ஒரு பெரிய மண்பானை இருந்தது. அதுதான் கூழ்ப்பானை. தினமும் கழனிக்குப் போகிற ஆட்களுக்கு அதிலிருந்துதான் கூழ். கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றி வைத்துவிடுவார்கள். புளித்த பிறகு நொய்யோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். பானையைத் தேய்த்துக் கழுவுவதே கிடையாது, லேசாக ஓர் அலசல்தான். அடியில் கொஞ்சம் பழைய மாவை விட்டுவைத்து அதன்மேல் புது மாவைக் கரைப்பார்கள். பாலுக்கு உறைமோர் போல இதற்குப் பழைய மாவு. அது என் மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்தது, அவருக்கு அவர் மாமியார். பானை உடைந்தால் பழைய மாவு புதுப் பானைக்குக் குடிபோகும்.

வைகாசியில் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) கூழ் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். அந்தக் கறுத்த பானையைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. படித்த பெண் அல்லவா. பக்கத்து ஊர்களில் வாந்திபேதி என்று வேறு பேச்சு. சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்தேன். கொதிநீர் ஊற்றி அலசினேன். அடியில் இருந்த பழைய மாவைக் கொல்லையில் கொட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்தச் சூட்டோடு மாவைக் கரைத்தேன். கன்னியாஸ்திரி பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

மறுநாள் மாவு நூல் நூலாக இழுத்தது. ஒரு நாற்றம். அதையும் காய்ச்சி அனுப்பினேன். கரும்புக் கொல்லையில் காய்ந்த இலையான சோகையைக் கழிக்க வந்த ஒரு பெண் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வரப்பில் ஊற்றினாள். எல்லாரும் ஊற்றினார்கள். நான் இன்னும் நன்றாகத் தேய்த்தேன், இன்னும் நன்றாகக் கொதிக்க வைத்தேன். அடுத்த நாளும் அதே நாற்றம். அந்த வாரம் முழுக்க எங்கள் வரப்புதான் கூழ் குடித்தது.

பிறகு அத்தை தெருக்கோடி மளிகைக்கடை ஜைனபு அக்கா வீட்டுக்குப் போனார். எப்போதோ அவர் வாங்கிப்போன எங்கள் பழைய மாவு அவர் பானையில் இருந்தது. அதில் ஒரு சொம்பு வாங்கி வந்து, கிணற்றுத் தண்ணீர் சேந்தி, தானே கரைத்து வைத்தார். இரண்டாம் நாள் அருமையாகப் புளித்தது. அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது. எனக்குக் கைராசி இல்லை. நான் தொட்டது விளங்காது.

ஜைனபு அக்காவிடம் அத்தை சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றே சொன்னார் என்று நினைக்கிறேன்.

"ஆடிக்கு அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பி வக்கிறேன். ஆவணி பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அனுப்புவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆவணியில் புருஷன் வந்து கூட்டிப்போவான். ஆனால் எதிர்வீட்டுக்கு வாழ வந்த பெண் ஒருத்தி இப்படித்தான் ஓர் ஆடிக்குப் போனாள். போய் மூன்று வருஷம் ஆயிற்று. அவளுக்கு ஆவணி வரவே இல்லை. அந்த வீட்டுக் கதவைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். என் வீட்டுக்காரரிடம் அழுதேன். அவர் அம்மா சொன்னாலும் தலையாட்டுவார், நான் சொன்னாலும் தலையாட்டுவார். நல்ல மனுஷர்தான், தலையாட்டுவதில் மட்டும் பாரபட்சமே கிடையாது.

ஒருநாள் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போதுதான் உறைத்தது. அத்தை கரைத்தபோது கை மட்டும் மாறவில்லை, தண்ணீரும் மாறியது. பழைய மாவும் சேர்ந்தது. இத்தனை மாறியிருக்கும்போது கையை மட்டும் எப்படிப் பிடிக்கலாம்? அந்தக் குடுவைப் படம் அன்றுதான் எனக்கு அர்த்தமாயிற்று. அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒன்றை மட்டும் மாற்றினார், கழுத்தை. மற்றதையெல்லாம் அப்படியே விட்டார். நான் அவர் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு அவர் புத்தியை விட்டுவிட்டேன்.

அத்தையிடம் மூன்று சட்டி கேட்டேன். ஒன்றில் அவர் கையால் அவர் வழியில் கரைக்க வேண்டும். ஒன்றில் என் கையால் அவர் வழியில், அதாவது கிணற்றுத் தண்ணீரும் பழைய மாவும். மூன்றாவதில் அவர் கையால் என் வழியில், தேய்த்த சட்டி, கொதிநீர், பழைய மாவு கிடையாது. எது யாருடையது என்று முகர்கிறபோது தெரியக்கூடாது. அத்தை மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் தன் மூக்கின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை என்னைக் காப்பாற்றியது. ஆடிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜைனபு அக்காவை நடுவில் வைத்தோம். சட்டிகளின் அடியில் சுண்ணாம்பால் பொட்டு வைத்தவர் அவர். முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. நாங்கள் இருவரும் வெளியே போன பிறகு இடம் மாற்றி வைத்தவரும் அவரே. கொதிநீரில் கரைக்கும்போது அத்தை விரலைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டினார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அத்தை உட்கார்ந்து ஒவ்வொரு சட்டியாக முகர்ந்தார். ஒரு சட்டியைத் தள்ளி வைத்து, "இது என்னுது" என்றார். இன்னொன்றை முகர்ந்து இதுவும் தேவலை என்றார். கடைசிச் சட்டியில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இது இவ கையி. எங்க வச்சாலும் எனக்குத் தெரியும்."

ஜைனபு அக்கா சட்டிகளைத் தூக்கி அடியைக் காட்டினார். அத்தை தன்னுடையது என்று சொன்னதில் இரண்டு பொட்டு, அது நான் கரைத்தது. நாறியதில் மூன்று பொட்டு, அது அத்தை கை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான்.

நான் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. என் கையை விடுவித்த அதே சட்டி என் வெந்நீரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு வாரம் அத்தனை பேர் பசியோடு வேலை செய்தது என்னால்தான். என் ராசியால் இல்லை, நான் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையால். அதைச் சொல்லாமல் ஜெயித்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பழைய மாவைக் கொட்டியதை, கொதிநீர் ஊற்றியதை எல்லாம் சொன்னேன். புளிக்க வைக்கிற உயிர்கள் பழைய மாவில் இருந்தன, அவற்றை வெந்நீர் ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்றேன். உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று பள்ளியில் படித்ததையும் சொன்னேன். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. சூட்டுக்குச் சாகாமல் தூங்குகிற கிருமிகள் உண்டு, நல்லது செத்த இடத்தில் அவை எழுந்துகொண்டன என்று ரொம்ப நாள் கழித்து மகள்தான் சொன்னாள்.

அத்தை மூன்று பொட்டுச் சட்டியை எடுத்து மறுபடி முகர்ந்தார்.

"கையி நல்லாத்தான் கீது. படிப்புதான் கெடுத்துச்சி" என்றார். பிறகு கேட்டார். "சரி, உசுருலேர்ந்துதான் உசுரு வரும்ன்றே. எனக்கு எம் மாமியா குடுத்தா, அவளுக்கு அவ மாமியா குடுத்தா. மொத பானைக்கு யாருடி குடுத்தா?"

கன்னியாஸ்திரி சொல்லியிருந்த பதில் ஒன்று இருந்தது. கடவுள் என்றேன். கடவுளுக்குக் கூழ் கரைக்கிறதுதான் வேலையா என்றார் அத்தை. இத்தனைக்கும் ஆடியில் அம்மனுக்கு அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறவர் அவர். தெரியாது என்றேன். அந்த வீட்டில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இம்மாம் படிச்சிட்டு தெரியாதா?" என்று எழுந்து போய்விட்டார். ஆவணி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனி கடைசியில் என் அண்ணன் வந்து என்னை வில்லியனூருக்கு அழைத்துப்போனான். அந்த ஆடி மாதம் போல நீண்ட மாதத்தை நான் பிறகு பார்த்ததில்லை. ஆவணி பிறந்தது. முதல் நாள் யாரும் வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். இரண்டாம் நாள் காலையில் வாசலில் மாட்டுவண்டி நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி, வழக்கம்போல் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, அத்தை சொல்லி அனுப்பியதைச் சொன்னார். "கூழுக்கு ஆளு இல்லன்னாங்க." நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு பல வருஷம் அந்தப் பானை என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அத்தை கேட்பார், மொத பானைக்கு இன்னா வழின்னு உங்க ஆளுங்க கண்டுபுடிச்சாங்களா என்று. இன்னும் இல்லை என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறுவதற்குச் சில வருஷம் முன்பு அவர் காலமானார்.

சாவு விழுந்த வீட்டில் கருமாதியன்று பழைய மண்பாண்டங்களை வெளியே போட்டு உடைத்துவிட்டுப் புதியவை வாங்குவது எங்கள் வழக்கம். பதினாறாம் நாள் காலையில் உறவுக்காரப் பெண்கள் எல்லாவற்றையும் கொல்லைக்கு எடுத்துப்போனார்கள். நானும் இரண்டைத் தூக்கிக் கொடுத்தேன். ஆயிரம் வேலை அன்று. மறுநாள் புதுப் பானையில் மாவு கரைக்க உட்கார்ந்தபோதுதான் பழைய மாவு எங்கே என்று கை தேடியது. தெருக்கோடிக்கு ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. ஜைனபு அக்கா குடும்பம் காரைக்காலுக்குக் குடிபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடினேன்.

புதுப் பானையும் புளிக்கத்தான் செய்தது. மாவிலேயே கொஞ்சம் உயிர் இருக்கும். ஆனால் அது வேறு புளிப்பு.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் தன் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். மறுபடியும் கண்ணாடிக் குடுவைகள். ஆதியில் பூமியில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களை அடைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறி விட்டார்களாம். சில நாளில் தண்ணீர் பழுப்பாகி, உயிருக்கு வேண்டிய சில பொருள்கள் அதில் கிடைத்தனவாம். உயிர் வந்ததா என்று கேட்டேன். இல்லை, மளிகைச் சாமான் மட்டும்தான் வந்தது, சமையல் எப்படி நடந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள்.

அந்தப் பையனுக்கு ஒரு மார்க்காவது போடு என்றேன். விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் என் மாமியாரின் பேத்தி, ஒன்றும் செய்ய முடியாது.

முதல் பானைக்கு அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று அத்தைக்குச் சொல்ல என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. கடைசிப் பானை எங்கே போயிற்று என்பது மட்டும் எனக்குத் தெரியும். கொல்லை வேலி ஓரம், கருமாதி அன்று காலை. நான் தூக்கிக் கொடுத்த இரண்டில் ஒன்று அது.