அத்தைக்கு ஒருமை சொல்லிக்கொடுத்தேன்

"...உக்காந்திருக்கட்டுமே, யாரு வேணாம்னது? காபி குடுங்க அண்ணி, வெந்நீர் வெச்சுக் குடுங்க. எனக்குப் பத்து மணிக்குப் பரீட்சை" என்றாள் அத்தை.

ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்தினாள். அப்பா வாங்கிவந்த வடைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் அவர் கையிலேயே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது. கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் அத்தையின் வீட்டுக்காரர். இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்.

இதற்கு மேல் சொல்வதற்கு முன்னால் நான் டீச்சரான கதையைச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இது விளங்காது.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்ததிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் "பத்து பாஸா?" என்றுதான் குசலம் விசாரித்தார்கள். அத்தை பாஸ் இல்லை. மற்றதெல்லாம் தேறி இங்கிலீஷில் மட்டும் போனவள். கல்யாணம் ஆனது. மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போனார். ரூம் பார்த்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அத்தையை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. தெருவில் யாராவது கேட்டால், "அவங்களுக்கு வேலை ஜாஸ்தியாம்" என்பாள் அத்தை. கேட்டவர்களும் அந்த ரூமின் நீள அகலத்தைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அடி அண்ணாமலையில் பால்வாடி டீச்சர் வேலை ஒன்று காலியானது. பத்து பாஸ் என்று காட்டினால் கிடைத்துவிடும், தை மாதம் வரைதான் பார்ப்பார்கள் என்று ஆபீசில் தெரிந்தவர் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அக்டோபரில் தனியாகப் பரீட்சை எழுதலாம். பையன்களோடு டியூஷனில் போய் உட்கார அத்தைக்குக் கூச்சம். எனக்குக் கூச்சம் கிடையாது. இங்கிலீஷ் மீடியத்தில் ஐந்தாவது, இலக்கணத்தில் வகுப்பிலேயே முதல். நானே டீச்சர் என்று அறிவித்துவிட்டேன்.

சாயங்காலம் துணி துவைக்கும் கல்லில் நான், கீழே பலகையில் அத்தை. என் கையில் மர ஸ்கேல். பேசுகிற ஆள் ஒன்று, கேட்கிற ஆள் இரண்டு, இங்கே இல்லாத ஆள் மூன்று என்று எங்கள் மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அத்தை உடனே பிடித்துக்கொண்டாள். "குழாயடியில எவ மொதல்ல குடத்தைத் தூக்கினு கெளம்பறாளோ, அவதான் மூணாவது ஆளு."

இவ்வளவு கெட்டிக்காரி எப்படி ஃபெயில் ஆனாள் என்பது அடுத்த நாள் தெரிந்தது. வீட்டில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். 'மை ஹஸ்பண்ட் ஆர் இன் பெங்களூர். தே ஆர் வெரி குட். தே டூ நாட் ரைட் லெட்டர்' என்று போனது.

"மாமா எத்தனை பேரு அத்தே?"

"ஒருத்தர்தாண்டி."

"அப்ப தே எப்படி வரும்? ஹீ."

"அவங்களப் போயி மொட்டையா ஹீன்னா நல்லாவா இருக்கும்? இன்னா பாஷைடி இது, மரியாதை ரொம்பக் கம்மி."

கலெக்டருக்கும் ஹீதான், அண்ணாமலையாருக்கும் ஹீதான் என்றேன். அத்தை யோசித்தாள். "அண்ணாமலையாரை நாமளும் அவன் இவன்னுதான் பாடறோம். அவரு கோச்சுக்க மாட்டாரு. இவங்க கோச்சுப்பாங்க."

தன்னைப் பற்றி எழுதும்போதும் இதே தகராறுதான். 'வீ' என்றுதான் ஆரம்பிப்பாள். நாங்க, எங்க வீட்ல, எங்க அண்ணி என்று பேசியே பழகிய வாய். ஸ்கேலால் கல்லில் ஒரு தட்டுத் தட்டி, "பரீட்சைக்கு எத்தனை பேரு போறீங்க?" என்று கேட்டேன். இவ்வளவு சுலபமான கேள்விக்கு அவள் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. "நான் ஒருத்திதான்" என்றாள் கடைசியில். அப்ப ஐ, என்றேன்.

தண்டனையாக 'ஹீ டஸ் நாட் ரைட்' என்று ஐம்பது முறை எழுதச் சொன்னேன். முதல் பத்தில் கை தயங்கியது. உலை கொதிக்கும்போது கொஞ்சம், துணி காயும்போது கொஞ்சம் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நோட்டைத் திறந்தால் நான் சொல்லாமலே இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. ஹீ டஸ் நாட் ரைட். ஹீ டஸ் நாட் கம். ஹீ டஸ் நாட் ஆஸ்க். ஒரு 'டஸ்' கூடப் பிசகவில்லை. சிவப்பு மையில் 'வெரி குட்' எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டுக்கொடுத்தேன். அத்தை அந்த நட்சத்திரத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக வரைந்திருக்கிறேனா என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

இங்கிலீஷ் இரண்டாம் தாள், அதாவது இலக்கணத் தாள், பௌர்ணமிக்கு மறுநாள் வந்தது. பெங்களூரிலிருந்து கூட வேலை செய்பவர்களோடு கிரிவலம் வந்திருந்த மாமாவுக்கு, மலையைச் சுற்றி முடித்துக் கால் வலித்தபோது எங்கள் வீடு ஞாபகம் வந்தது. காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கடிகாரமே நின்றுவிடும். அத்தையைப் பரீட்சைக்குக் கூட்டிப்போக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, அதே வண்டியில் வடைக்கு ஓடினார்.

"இந்த வயசுல இன்னா பரீட்சை?" என்றார் மாமா. "நான் மத்தியானமே கெளம்பறேன். வர்றதா இருந்தா பொட்டியக் கட்டச் சொல்லுங்க."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தங்கையின் வாழ்க்கை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார். "மாப்பிள்ளை வந்து உக்காந்திருக்காரு. பரீட்சை எங்க ஓடிடப் போவுது? ஏப்ரல்ல எழுதிக்கலாம்மா" என்றார். ஏப்ரலுக்கு அந்த வேலை இருக்காது என்பது அவருக்கும் தெரியும். அத்தையின் ஹால் டிக்கெட் என் கையில்தான் இருந்தது. இத்தனை நாள் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான், என் மாணவி பரீட்சை எழுதாமல் போகிறாளே.

அத்தை பாஸ் பண்ணினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் நாற்பத்தெட்டு மார்க். அடி அண்ணாமலை பால்வாடியில் அவளிடம் 'ஐ' சொல்லிப் பழகிய பிள்ளைகள், இப்போது கிரிவலப் பாதையில் கடை போட்டிருப்பவர்கள், அவளை எங்கே பார்த்தாலும் டீச்சர் என்று எழுந்து நிற்கிறார்கள். ரிசல்ட் வந்த அன்று தெருத்தெருவாகப் போய் நான்தான் பாஸ் பண்ண வைத்தேன் என்று சொல்லிவந்தேன். அத்தை ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? காபி குடுங்க, எனக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டு அத்தை பேனாவைத் திறந்து உள்ளங்கையில் கோடு போட்டுப் பார்த்தாள். மை குமிழ் குமிழாகக் கசிந்தது. புடவையில் படாமல் துடைத்துவிட்டு நேரே நாற்காலிக்கு எதிரில் போய் நின்றாள். மாமாவின் சட்டைப் பையில் தங்க நிற மூடி போட்ட பேனா ஒன்று இருந்தது. அவர் என்ன ஏது என்று நிமிர்வதற்குள் கையை நீட்டி அதை உருவினாள். மறு உள்ளங்கையில் ஒரு கோடு. சுத்தமாக எழுதியது. மாமாவின் கை காலிப் பைக்குப் போய், அங்கேயே நின்றது.

என் மாணவி விவரமானவள், நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தை என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக் காலில் நுழைத்தபடியே வாசலைத் தாண்டி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பட்டப்பகலில் ஊர் பார்க்கத் தெருவில் ஓடினாள்.