மூங்கில் தட்டிக்குப் பின்னால் பாடியது

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர் பேசும்படம் எடுக்கப்போகிறார் என்று சொன்னபோது, எங்கள் நாடகக் கம்பெனியில் ஒருவரும் நம்பவில்லை. நான் வேலூரில் அந்தக் கம்பெனியின் கதாநாயகி. என் வீட்டுக்காரர் ஆர்மோனியம் வாசிப்பவர். அந்த மண்டிக்காரர் பின்னாளில் சென்னைப் பட்டணத்தில் பேரும் புகழுமாக வாழ்ந்த தயாரிப்பாளர். அன்றைக்கு எங்களுக்கு வெறும் மண்டி முதலாளி.

"நீங்கதான் கதாநாயகி. கல்கத்தாவுல எடுக்கறோம்" என்றார்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "தோல் விக்கிறவருக்குப் படம் இன்னாத்துக்கு? அவ்ளோ தூரம் இட்டுனு போய் வுட்டுட்டு வந்துட்டா?"

"நீங்களும் கூட வாங்க" என்றேன். எனக்கும் பயம்தான். ஆனால் திரையில் என் முகத்தைப் பார்க்கும் ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

காட்பாடியில் ரயில் ஏறினோம். முதலாளி வாங்கித் தந்த இட்லியை வீட்டுக்காரர் முதலில் தின்று, தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே என்னிடம் தந்தார். கல்கத்தாவில் கதவைத் தாழிட்டு, அதன்மேல் பெஞ்சைச் சாய்த்து வைத்துத் தூங்கினோம். முதலாளி வந்து தட்டினால் கேட்பது ஒன்றே. "தொண்டை எப்படி இருக்கும்மா? தயிர் சாப்பிடாதீங்க."

சில நாள் என்னை வைத்து எடுத்தார்கள். பிறகு பம்பாயிலிருந்து சிவப்பாக ஒரு பெண் வந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. என்னை மூங்கில் தட்டிக்குப் பின்னால் மைக் முன்னே நிறுத்திப் பாடச் சொன்னார்கள். தட்டியின் இடுக்கில் பார்த்தால், அவள் பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா எதுக்கு வாயசைக்கிறாங்க?"

"கத்துக்கறாங்க. இது ஒத்திகைதான்" என்றார் முதலாளி.

காமிராவைக் கனத்த பஞ்சுப் போர்வையான ரஜாயால் மூடியிருந்தார்கள். அதனால் ஓடவில்லை என்றே நினைத்தேன். காமிராவின் சத்தம் மைக்கில் விழாமலிருக்க அப்படி மூடுவார்கள் என்று யார் சொன்னார்கள்? வீட்டுக்காரர் ஆர்மோனியத்தை அமுக்கியபடி வாசற்படியையே கவனித்துக்கொண்டிருந்தார், யாராவது என்னைத் தூக்கிப் போய்விடுவார்களோ என்று.

படம் வேலூர் டெண்ட் கொட்டகைக்கு வந்தது. என் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் இருந்த பெண், "இன்னா குரல் பாரேன், மூஞ்சிக்கேத்த குரல்" என்றாள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

மறுநாளே ஆம்பூர் மண்டிக்குப் போனோம். முதலாளி பதறவில்லை.

"கூட்டம் வரணும்மா. உங்க குரல் மாதிரி எனக்கு வேற கெடைக்காது. அடுத்த படத்துக்கும் நீங்கதான்."

"மூஞ்சி வேணாம். பேரு வேணும்."

"போட்டுட்டா போச்சு."

அந்த வார்த்தையை நான் நம்பவில்லை. அடுத்த படம் பட்டணத்திலேயே எடுத்தார்கள். என் பெயரைப் பலகையில் எழுதி, அதைக் காமிரா படம்பிடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, பேஜார் பண்றீங்களே" என்றார். ஆனாலும் எழுதவைத்தார்.

கொட்டகையில் அந்தப் பெயர் திரையில் வரும்வரை, வெட்டி எறிந்திருப்பாரோ என்று பெஞ்சு நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தது. பிறகு அவருடைய பல படங்களில் பாடினேன். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகையை முதலில் பார்த்துவிட்டே மைக் முன்னே நின்றேன். அவரும், நான் கேட்பதற்குள் எடுத்துவந்து காட்டப் பழகியிருந்தார்.