மூடிய தகட்டின் உட்புறம்

அறுபதுகளின் தொடக்கத்தில் மாங்குளத்தில் நான் கராஜ் வைத்திருந்தேன். முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு மீன் கொண்டுபோகும் வான் ஒன்று வேலைக்கு வந்தது. பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீரில் அடித்தகடு கறள் பிடித்து, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. சொந்தக்காரர் ஒரு முஸ்லிம் வியாபாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானா என்று கூப்பிடுவேன்.

பழுதை வெட்டியெடுத்து, புதுத்தகட்டைச் சட்டத்தின்மேல் வைத்து வெல்டிங் செய்தேன். தகடும் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் தண்ணீர் போய்த் தங்கும். வழக்கமான சிவப்புப் பூச்சை அங்கே அடித்தால் நெருப்பில் எரிந்து வெல்டிங் ஒட்டைக் கெடுத்துவிடும். அதனால் அந்த இடத்தை வெறுமனே விடுவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் என்னிடம் வேறு வழி இருந்தது. திருகோணமலையில் கப்பல் வேலை செய்த நண்பன் துத்தநாகத்தூள் கலந்த சாம்பல்நிறப் பூச்சு ஒரு பேணி தந்திருந்தான்.

"இதைப் பூசிக் காயவிட்டு, அதுக்கு மேலாலை வெல்டிங் வைக்கலாம். நெருப்புப் படுற இடம்தான் எரியும். மிச்சம் கறள் ஏறாது" என்று விளக்கமும் சொன்னான்.

காய ஒரு பகல் வேண்டும். மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்து, பேணியைத் திறக்காமலே வேலையை முடித்தேன். வானை எடுக்க வந்த நானா, "உள்ளுக்கும் பூசினீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் நானா."

இரண்டு மாரி கழிந்தது. ஒரு நாள் நானா தன் மனைவியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவ வானின் பின்பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தா. வழியில் தகடு ஒட்டோடு பிய்ந்து, அவவின் கால் ஓட்டைக்குள்ளால் போய் ரோட்டில் இழுபட்டுக் கணுக்கால் முறிந்துவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது அவவால் நொண்டித்தான் நடக்க முடிந்தது.

வான் மறுபடி என்னிடம்தான் வந்தது. "உப்புத்தண்ணி தம்பி. நீங்க என்ன செய்யிற?" என்று நானா என்னைத் தேற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். மிச்சத் தகட்டைப் பெயர்த்தேன். உட்புறம் கறள் ஏடு ஏடாகக் கழன்று கையோடு வந்தது. அதை அப்படியே எறிந்திருக்கலாம். எறிய மனம் வரவில்லை. அவர் திரும்பி வந்ததும் காட்டினேன்.

"நானா, அண்டைக்குப் பொய் சொன்னனான். உள்ளுக்கு ஒண்டும் பூசேல்லை."

அவர் அந்தத் துண்டை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு, "எனக்குச் சொல்லி என்ன? அவவுக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு முல்லைத்தீவுக்குப் போனேன். அவ திரைச்சீலைக்கு அப்பால் இருந்தா. குரல் மட்டும்தான் கேட்டது. நடந்ததைச் சொன்னேன்.

"மறந்துபோய் விட்டதா? தெரிஞ்சுதான் விட்டதா?"

"தெரிஞ்சுதான் விட்டனான் அக்கா."

நானா நிலத்தைப் பார்த்தார். சீலைக்குப் பின்னாலிருந்து அவதான் சொன்னா:

"மன்னிச்சேன் எண்டு இப்ப சொல்ல எனக்கு வாய் வருதில்லை. இனிச் செய்யிறதை மூடுறதுக்கு முந்தி அவருக்குக் காட்டுங்க."

கராஜுக்குத் திரும்பி, அந்தப் பேணியைத் திறந்து தகடும் சட்டமும் படியும் இரு பக்கமும் பூசினேன். மறுநாள் நானா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நெருப்பை மூட்டினேன். வெள்ளைப் புகை கிளம்பியது. வாயெல்லாம் ஒரு தித்திப்பு. அந்தப் புகையை இழுத்ததில் அன்று பின்னேரமே குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது, விடிய விட்டுவிட்டது.

அந்த அடித்தகடு வான் கழிவுக்குப் போகும்வரை அசையவில்லை. ஆனால் அவ அதன்பிறகு அந்த வானில் ஒருநாளும் ஏறவில்லை. வவுனியாவுக்குப் போவதென்றால் பஸ்ஸில்தான். பஸ் மாங்குளத்தில் நிற்கும் நேரங்களில் சிலவேளை நானாவுக்குப் பக்கத்தில் அவ யன்னலோரம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை தலையை அசைத்தா. அது எனக்குத்தானா என்று இன்றுவரை தெரியாது.