புயல் சுத்து

லாரிச் சக்கரம் கழற்ற முடியாத கருவியை எந்த ஆண்பிள்ளையும் மதிப்பதில்லை. மஞ்சக்குப்பத்துக் கடை ஒன்றில் போல்ட் முடுக்கும், கைக்கு அடக்கமான பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சு வாங்கி வந்த அன்று, அக்கா வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"இதால லாரி சக்கரம் கழட்டலாமா?"

"நம்மகிட்ட லாரி இல்லியே மாமா."

"அப்ப இன்னாத்துக்கு இது? மிக்ஸி மாதிரி இருக்குது."

மாமாவும் நானும் மொட்டைமாடிகளில் சோலார் பேனல் மாட்டித் தருகிறோம். கடலூரில் ஆரம்பித்து சிதம்பரம் வரைக்கும் எங்கள் எல்லை. அதற்கு முன் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். பைப் பைப்பாக போல்ட் முடுக்கியதில் மணிக்கட்டு போனதுதான் மிச்சம். அதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற ஜாதி இல்லை நான். பேனல் வேலையில் எட்டு மில்லி, பத்து மில்லி போல்ட்டுகள்தான் ஜாஸ்தி. கன் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சின்ன ரெஞ்சே அதற்குத் தாராளம். ஒரு கையால் கிளாம்ப்பைப் பிடித்துக்கொண்டு, பேனலுக்கு அடியில் குனிந்து, மறு கையால் முடுக்கிவிடலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதே கையால் சப்பாத்தி மாவும் பிசையலாம்.

ஆனால் கன் இருந்தால் போதாது, விரலில் அடக்கம் வேண்டும். எங்கள் பக்கம் உப்புக் காற்று, துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்தான் போட்டாக வேண்டும். அதில் ஒரு வம்பு உண்டு. கிரீஸ் தடவாமல் வேகமாகச் சுற்றினால் போல்ட்டின் திருகு மரை சூடாகி நட்டும் போல்ட்டும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு மரையை விரலாலேயே ஏற்றுவேன். பிறகு ஸ்பீடைக் குறைத்து வைத்து கன்னைக் கொடுப்பேன். நட்டு உட்கார்ந்ததும் சத்தம் மாறும்; அந்த நொடியே விரலை எடுத்துவிடுவேன். மீதி டார்க் ரெஞ்சின் வேலை. எவ்வளவு முடுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துக் கையால் இழுத்தால், அளவு வந்ததும் டக்கென்று சொல்லிவிடும். அதற்கு மேல் தொடக்கூடாது.

இந்த 'அதற்கு மேல்' விஷயத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் யார் சொல்லியும் கேட்க மாட்டார்கள். பல வருஷம் முன் ஊரையே புரட்டிப்போட்ட அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு கடலூரில் கூரையோ தண்ணீர்த் தொட்டியோ எதை மாட்டினாலும், முடுக்கி முடித்த பின் இன்னொரு சுற்று உண்டு. அதற்குப் பேரே புயல் சுத்து. முழ நீள ஸ்பேனரைப் பிடித்துத் தொங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு போடுவார்கள். அதைப் போடாதவனை வேலைக்காரன் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "புயல் சுத்து போட்டாச்சாப்பா?" என்று வீட்டுக்காரர்களே கீழே இருந்து குரல் கொடுப்பார்கள். மாமா போடும் சுத்துக்கு ஊரில் தனி மரியாதை. நான் எதை முடுக்கினாலும் பின்னாலேயே வந்து அவர் ஒரு சுத்து போட்டுவிட்டுத்தான் போவார். நான் வைத்த சாம்பாரில் யாரோ வந்து உப்பு அள்ளிப் போடுவது போல எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு வேலை வந்தபோது கேட்டேவிட்டேன், "ஒரு மாடியையாவது என்னை நம்பி விடக்கூடாதா மாமா?"

இரும்பு ஸ்டாண்டை அவர் ஏற்கெனவே தன் கையால் நிறுத்தியிருந்தார். பேனல் மாட்டுவதுதான் பாக்கி.

"சரி பாப்பா, நீயே மாட்டு. சாயங்காலம் வந்து பாப்பேன். ஒரு நட்டு நகந்தாலும் நாளைலேர்ந்து நீ கீழதான். வயர் இழு, டீ வாங்கியா."

"நகரலைன்னா?"

"தனியா வேலை எடுத்துக்க. நான் பின்னாலயே வர மாட்டேன்."

நாற்பது வயதுப் பாப்பா அன்று காலையில் தனியாகவே மாடி ஏறினேன். அந்த வீட்டு மாமி துணி உலர்த்த வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏம்மா, தையல் மிஷின் மாதிரின்னா சத்தம் போடறது!" என்றார். கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கும்போது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஒவ்வொரு நட்டும் டக்கென்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனேன். வெயில் ஏற ஏற எனக்கு உற்சாகமும் ஏறியது. என் வேலை சுத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் மாமா வந்தார், கையில் அந்த முழ நீள ஸ்பேனரோடு. முதல் நட்டில் மாட்டி, உடம்பைச் சாய்த்து ஒரு இழு இழுத்தார். நகர்ந்தது.

"பாத்தியா."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இது செக் பண்றது இல்ல மாமா, முடுக்கறது. இவ்ளோ நீளத்துல தொங்குனா எந்த நட்டும்தான் நகரும்."

"நகந்துச்சா இல்லியா?"

"அப்ப நீங்க மாட்டுன ஸ்டாண்டுல போடுங்க. அது நகராம இருக்குதான்னு பாப்பம்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகப் போய் ஸ்டாண்டு நட்டில் ஸ்பேனரை மாட்டித் தொங்கினார். கால் சுற்று நகர்ந்தது. அடுத்த நொடி 'டிங்' என்றது. போல்ட் பாதியில் அறுந்து, தலை தெறித்துப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் பட்டு விழுந்தது.

"பீஸ் மட்டம்," என்றார்.

"எல்லாம் ஒரே டப்பாவுல வந்த பீஸ்தான்."

பக்கத்து நட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று கன்னை வைத்தேன். அசையவே இல்லை, நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டாண்டு முழுக்க அப்படித்தான் இருந்தது. புயல் சுத்தில் பாதி செத்துப்போன போல்ட்டுகளின் மேல்தான் என் பேனல்கள் நின்றுகொண்டிருந்தன.

மாமா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். சண்டைக்கு வருவார் என்று நான் தயாராக நின்றேன். அவர் வேறு எதையோ பேசினார்.

"எங்க வீட்டுத் தகர ஷீட்டுக் கூரையை நான்தான் முடுக்குனேன். நல்லாதான் முடுக்குனேன். புயல்ல அந்த ஷீட்டுதான் பறந்து வந்து உங்கக்கா காலைக் கிழிச்சிச்சு. அதுலேர்ந்து எத்தினி சுத்து போட்டாலும் போதும்னு தோண மாட்டேங்குது எனக்கு."

அக்கா காலில் இருக்கும் தழும்பு எனக்குத் தெரியும். அந்த ஷீட்டை முடுக்கியது இவர் கை என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் என்மேல் நம்பிக்கை இல்லாமல் பின்னால் வருகிறார் என்றே நினைத்திருந்தேன். மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னிக்கி நட்டு கழண்டு போச்சா மாமா, போல்ட் அறுந்து போச்சா?"

"அறுந்துதான் கெடந்துச்சு," என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். தெறித்து விழுந்த போல்ட் தலையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

மறுநாள் இருவரும் போய் ஸ்டாண்டு போல்ட்டுகளை எல்லாம் அறுத்து எடுத்தோம். புதியவற்றில் நான் கிரீஸ் தடவி முடுக்க, மாமா போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு டக்குக்கும் நிமிர்ந்து, "அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"அவ்ளோதான்."

கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனால் அந்த மாடியில் ஒரு நட்டில்கூட அவர் கை வைக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள்.

"இன்னாடி பண்ண இவுர? காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே எழுந்து உக்காந்துக்கினு கூரையவே பாத்துக்கினு இருக்கற மனுசன், வீட்டுக் கூரை போல்ட்டு மொத்தத்தையும் மாத்தணும்ங்கறாரு. உன்னதான் வரச் சொல்றாரு."

"வரேன். ஆனா மாமா செக் பண்ண மேல ஏறி வருவாரான்னு முதல்ல கேளு."

அக்கா போனைத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டாள். உள்ளே இருந்து மாமாவின் குரல் எனக்கே கேட்டது.

"நான் இன்னாத்துக்கு மேல? அவ முடுக்கட்டும். நான் கீழ படுத்துத் தூங்கப் போறேன்னு சொல்லு."