செவலையின் பெட்டிக்குப் போட்ட பூட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, கொழுந்தன் மகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. நாயை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளை வேறு, நாய் வேறு. என் எழுத்து எனக்கே புரியாது என்பதால், நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

திண்டுக்கல்லில் எங்களுக்குப் பூட்டுக் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு கடையை விட்டுவிட்டோம். மிஞ்சியவை சில பூட்டுகளும், அவர் நத்தத்து மாந்தோப்பிலிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்த நாயும். செம்மண் நிறம் என்பதால் தெருவில் எல்லோரும் செவலை என்பார்கள். தை மாதம் வேதக்கோயில் பொங்கலன்று சாமியார் மாடுகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும்போது வருடம் தவறாமல் போய் மாடுகளோடு நின்று நனைந்துவிட்டு வரும்.

முழங்கால் மடங்க மறுத்த பிறகு, டில்லியில் வேலை பார்க்கும் இளைய மகன் என்னைத் தனியாக இருக்கக் கூடாது என்றான். நான் ஒரே பேச்சாகச் சொன்னேன்.

"செவலை வந்தா நான் வாரேன். அது வரலன்னா நானும் வரல."

"ஏம்மா, அதப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வரலாம்ல?"

"ஒன்னையப் பக்கத்து வீட்ல விட்டுட்டா நான் கடைக்குப் போனேன்?"

அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியோடும் மகளோடும் வந்தான். வந்த அன்றே கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு விமானக் கம்பெனியின் சட்டதிட்டங்களை எனக்கு வாசித்துக் காட்டினான். ஆட்களோடு உள்ளே உட்கார வேண்டும் என்றால் கூடையோடு சேர்த்து ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். செவலையைப் பக்கத்துப் புளி மண்டித் தராசில் ஏற்றினோம். அது மூட்டையைப் போல அசையாமல் நின்றது.

"என்னக்கா, இத என்ன வெலைக்குப் போடுறீங்க?" என்றார் மண்டிக்காரர்.

"ஒன் புளிக்கு இருக்குற கொட்டை இதுக்குக் கெடையாது. வெல கூடத்தான்" என்றேன்.

பதினெட்டு கிலோ. ஆகவே சரக்கோடுதான் போக வேண்டும். சப்பை மூக்கு நாய்களை அங்கேயும் ஏற்றமாட்டார்களாம். மேலே போனால் மூச்சுத் திணறும் என்றான். எங்களுடையதற்கு நல்ல நீள மூக்கு. வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கால்நடை டாக்டரிடம் நலமாக இருக்கிறது என்று சான்று வாங்க வேண்டும். தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு அந்த டாக்டரம்மா, "கூடவே கூடாதும்மா, மயக்கத்துல அதுக்கு என்ன ஆகுதுன்னு யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

பெட்டிக்குத்தான் சட்டம் அதிகம். நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். காற்றுப் போகத் துளைகள் வேண்டும். வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்றுகிற மாதிரி உள்ளே கிண்ணம் வேண்டும். எங்கள் தெரு ஆசாரி பிளைவுட்டில் செய்து கொடுத்தார். நாற்பது வருடம் ஆட்களுக்குக் கட்டில் செய்தேன், ஒருவரும் இத்தனை அளவு சொன்னதில்லை என்று அலுத்துக்கொண்டார். ஒரு வாரமாகச் செவலைக்கு அந்தப் பெட்டிக்குள்தான் சோறு. பிறகு சோறு வைக்காவிட்டாலும் அதற்குள் போய்ப் படுத்தது.

'கதவு தானாகத் திறந்துகொள்ளக் கூடாது' என்றும் ஒரு விதி இருந்தது. மகன் தாழ்ப்பாள் போதும் என்றான். நான் ஆசாரியிடம் சொல்லி, பூட்டு மாட்டக் கொண்டி ஒன்று வைத்து வாங்கினேன். பூட்டுக் கடைக்காரன் பெண்டாட்டி, கொண்டுபோகும் பொருளைத் தாழ்ப்பாளோடு அனுப்புவாளா?

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூருக்குப் பெரிய பூட்டு போனால் பூட்டு லாரியில் போகும், சாவி ஆள் கையில் பஸ்ஸில் போகும். இரண்டும் ஒரே வண்டியில் போனால் அது பூட்டே இல்லை, இரும்பு என்பார் என் வீட்டுக்காரர். அதனால் மருமகளும் பேத்தியும் சாமான்களோடு முதல்நாளே டில்லிக்கு ரயில் ஏறியபோது, பெட்டிப் பூட்டின் சாவியை மருமகள் கையில் கொடுத்தேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. என்னிடம் அவள் அதிகம் கேட்பதில்லை.

மறுநாள் மகன் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது செவலையைப் பெட்டியில் விட்டுப் பூட்டை மாட்டி அழுத்தினேன். சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. மகன் பார்த்துவிட்டு அடுத்த சாமானைத் தூக்கப் போனான். என் இடுப்பில் கொத்தாகச் சாவி தொங்குகிறது. இதுவும் அதில் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

மதுரை விமான நிலையத்தில் சரக்கு வாங்குகிற இடம் தனியாக இருந்தது. அங்கிருந்த பையன் சான்றுகளைப் பார்த்தான், பெட்டியை டேப் வைத்து அளந்தான், தலையாட்டினான். பிறகு பூட்டைப் பார்த்தான்.

"பூட்டு போடக் கூடாது பாட்டி. வழியில ஏதாவது ஒண்ணுன்னா எங்க ஆளுங்க தொறக்கணும். அதக் கழட்டிட்டு, உள்ள வேற ஏதும் இருக்கான்னு தொறந்து காட்டுங்க."

மகன் என்னிடம் கை நீட்டினான். "சாவிம்மா."

"சாவி ரயில்ல போகுது."

"எந்த ரயில்ல?"

"ஒம் பெண்டாட்டி போற ரயில்ல."

அவன் என் இடுப்புக் கொத்தைப் பார்த்தான். பிறகு, "இருபது சாவி இடுப்புல தொங்குது. வேண்டிய ஒண்ண மட்டும் டில்லிக்கு அனுப்பிருக்கீங்க" என்றான்.

சரக்கு எடுத்துக்கொள்ள ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் திறக்காவிட்டால் செவலை போகாது. செவலை போகாவிட்டால் நானும் போகமாட்டேன். அது அவனுக்கும் தெரியும். எதிரே இருந்த வெல்டிங் கடையிலிருந்து ரம்பத்தோடு ஒருவரைக் கூட்டி வந்தான். அவர் அறுத்தார், அறுத்தார், வேர்வை கொட்டியது.

"என்னம்மா பூட்டு இது, ரம்பத்துப் பல்லுதான் தேயுது."

"திண்டுக்கல் பூட்டுப்பா" என்றேன்.

"பெருமப்படுற நேரமாம்மா இது?" என்றான் மகன்.

ரம்பம் வழுக்கிப் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அதுவரை சத்தம் போடாத செவலை முனகிக்கொண்டே மூக்கைத் துளை வழியாக நீட்டியது. எனக்கு அப்போதுதான் கடைக்கு வரும் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். பூட்டைத் திருடன் உடைத்துவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு அப்படியே இருக்கும், கொண்டியைப் பெயர்த்திருப்பான்.

"போதும்ப்பா. திருப்புளி இருக்கா? அந்தக் கொண்டியில இருக்குற திருகக் கழட்டு."

நான்கு திருகு. ஆசாரி வெளிப்பக்கமாகவே முடுக்கியிருந்தார். ஒரு பீடி பிடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கொண்டியோடு பூட்டு என் கைக்கு வந்தது, கதவு திறந்துகொண்டது.

பையன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகள் இரண்டை எடுத்தான்.

"இத வச்சுக் கட்டிருவோம். அவ்வளவுதான்."

"இது பல்லுல கடிச்சாலே அறுந்துருமே."

"அறுத்துட்டு எங்க போகும் பாட்டி? மேகத்துக்கா?"

மகன் சிரிக்கவில்லை. "உங்க இஷ்டம்மா. வேணாம்னா இப்பவே வண்டியத் திருப்பிருவோம்" என்றான். நிஜமாகத்தான் சொன்னான்.

என் வீட்டிலிருந்து எந்தப் பொருளும் பூட்டு இல்லாமல் ஊர் தாண்டியது கிடையாது. நான் பெட்டியைப் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளியே வெயில், லாரிகள், ஆட்கள். செவலை வாசல்வரை வந்து மோந்து பார்த்தது. என்னையும் பார்த்தது. பிறகு உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

"கட்டுப்பா" என்றேன்.

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம். கீழே செவலை இருக்கும் பக்கம் எது என்று தெரியாததால் காலை அழுத்தி வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கேக் கொடுத்தார்கள், செவலை வெறும் வயிற்றோடு போகிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

டில்லியில் பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பட்டைகள் அப்படியே இருந்தன. அடியில் விரித்த சாக்கு நனைந்திருந்தது, வேறு குறை இல்லை. செவலை கேக்கை மோந்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிக்கொண்டது. கோபம் இருந்திருக்கும். ராத்திரி மோர்ச் சோறு தின்றது.

மறுநாள் ரயிலில் வந்திறங்கிய மருமகள் வீட்டுக்குள் வந்ததும், "அத்தை, இந்தாங்க சாவி" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். மகன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான். நான் பூட்டைத் திறந்து பார்த்தேன். ரம்பம் பட்ட இடத்தில் ஒரு கீறல். வேறொன்றும் இல்லை.

கதவைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பால்கனியில் போட்டிருக்கிறோம். இந்த ஊர்க் குளிருக்குச் செவலை அதில்தான் படுக்கிறது. பூட்டைப் பேத்தி தன் சைக்கிளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாவி என்னிடம் இருக்கிறது. தினமும் சாயங்காலம் வந்து கேட்டு வாங்கிப் போகிறாள்.

சரி ஆத்தா, எழுதுனது போதும். மொதல்ல இருந்து ஒருக்கா வாசி, கேப்போம். கழண்டது கொண்டிதான், பூட்டு ஒடையலன்னு எழுதிருக்கியான்னு பாத்து வாசி.