கண்ணைச் சுற்றிக் கறுப்பு

மந்தைவெளியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் பல் கிளினிக். இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். எனக்கு உதவியாக இருக்கும் சாந்தோம்காரப் பெண்மணியை நோயாளிகள் சிஸ்டர் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பிடுங்கிய பல் ஒன்றை என் கையில் கொடுத்தால் மேல் தாடையா கீழ்த் தாடையா, வலதா இடதா, ஏறத்தாழ என்ன வயது என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில் இருந்தவளைத்தான் சீனிவாசபுரத்து மீனவர் ஒருவர் சில மாதங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தார்.

அவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். காசிமேட்டிலிருந்து கிளம்பி, ஆழ்கடலில் பத்துப் பதினைந்து நாள் தங்கிச் சூரை மீன் பிடிக்கும் விசைப்படகில் வேலை. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. மூன்று முறை வந்து போனால் ரூட் கேனல் செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றேன். சரி என்றார். ஊசியைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தால் நான் ஊசி போட மாட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, எதையோ பார்த்ததாக, கூட்டமாக வந்ததாக என்னென்னவோ சொன்னார். நான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஊசி போட்டு முடித்து, மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆனால் நாக்கு பாதி மரத்துவிட்டது.

"டாக்டரம்மா... வயிரு... ரோஷு... கண்ண ஷுத்தி... கறுப்பு..."

எனக்குப் பகீர் என்றது. ஊசி போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும். வயிற்றைப் பிரட்டும், கண் சுற்றும், கறுப்பாக இருட்டிக்கொண்டு வரும். "சிஸ்டர்!" என்று கத்தினேன். நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கி வைத்தோம். சிஸ்டர் நாடி பிடித்துப் பார்த்தார். நான் குளுக்கோஸ் கரைத்தேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "இல்ல... அது இல்ல..." என்றார்.

"பேசாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க."

"ரெண்டு நாளு..." என்று இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு நாளா இப்படி இருக்கா? முதல்லயே சொல்ல வேண்டாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாடி ஒழுங்காக இருந்தது. ரத்த அழுத்தம் என்னைவிட நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்து, தற்காலிகமாகப் பல்லை அடைத்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தபோது தி.நகர் துணிக்கடைப் பை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதிலிருந்து, பழைய லுங்கியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்துப் பிரித்தார். நீளமான ஒரு கீழ்த் தாடை. எலும்பு வெயிலில் வெளுத்திருந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக ஊசி ஊசியாகப் பற்கள்.

"போன வருசம் நம்ப கரையில ஒண்ணு செத்து ஒதுங்கிச்சு டாக்டரம்மா. நாத்தம் தாங்காம மணல்லயே பொதைச்சாங்க. இப்ப அலை வந்து மணலை அரிச்சுக்கினு பூட்ச்சா, எலும்பு வெளிய வந்துருச்சு. நீங்க பல்லு டாக்டராச்சே. பாத்து சொல்லுங்க. நான் அன்னிக்கு சொன்னேனே, அதானா இது?"

அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காத டாக்டர் என்று ஆகிவிடுமே. "பார்க்கிறேன்" என்று தலையாட்டிவிட்டேன். எல்லாக் கோளாறும் அந்தத் தலையாட்டலில்தான் ஆரம்பித்தது.

பற்களை எண்ணினேன். ஒரு பக்கம் நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினால் நாற்பத்துமூன்று. ஓரத்தில் இருந்தவை உடைந்து, வெறும் குழிகளாக இருந்தன. குழியைப் பல் என்று எண்ணுவதா, வேண்டாமா? எனக்குத் தெரிந்த வாயில் வெட்டும் பல் உண்டு, கிழிக்கும் பல் உண்டு, அரைக்கும் பல் உண்டு. இதில் முதல் பல்லும் கடைசிப் பல்லும் ஒரே அச்சு. எந்தப் பல்லைக் கழற்றிக் கொடுத்தாலும் எந்த இடத்துப் பல் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

"முதலையோ?" என்றார் சிஸ்டர், பக்கத்தில் வராமல்.

"ஓங்கல்தாம்மா. அது எனக்கே தெரியும். எந்த ஓங்கலுன்னுதான் கேக்கறேன்" என்றார் மீனவர்.

ஓங்கல் என்றால் டால்பின். கைபேசியில் தேடினேன். நம் ஊர்க் கரையோரத்தில் அடிக்கடி தென்படும் டால்பினின் படம்தான் முதலில் வந்தது. அதிலும் தாடை நீளமாக இருந்தது, பல் ஊசியாக இருந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன்.

"சாதாரண ஓங்கல்தாங்க. கரையோரமா சுத்திட்டு இருக்கிற வகை."

"சாதாரணமா?"

"ஆமா."

அவர் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. ஒரு தாடை எலும்பு சாதாரணமானது என்று தெரிந்ததற்கு ஒரு மனிதர் இவ்வளவு வருத்தப்படுவாரா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பல்லுக்கான வேலையைச் செய்துகொண்டார். போகும்போது, "அத்த நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மூன்றாவது முறைக்குக் குறித்த நாளில் வரவில்லை. சிஸ்டர் போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

தாடை என் அலமாரியில் கிடந்தது. "இதை ஸ்டெரிலைசர்ல வைக்கச் சொன்னீங்கன்னா நான் நாளையிலிருந்து வர மாட்டேன் மேடம்" என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேலை இல்லாத மதியங்களில் அதை எடுத்து எண்ணுவேன். ஒருமுறை நாற்பத்திரண்டு வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே வேர், சின்னக் கூம்பு மாதிரி. படத்திலிருந்த கரையோர டால்பினுக்கு எத்தனை பல் என்று இப்போதுதான் தேடினேன். ஒரு வரிசைக்கு முப்பதுகூட இல்லை. என் எந்த எண்ணிக்கையோடும் பொருந்தவில்லை. அவரிடம் தவறாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் உறுதியாயிற்று.

அடையாறிலிருந்து வரும் நோயாளி ஒருவர் கடல் விலங்குகளை ஆராயும் ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தார். படங்கள் அனுப்பினேன். அடுத்த நாளே நேரில் வந்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது. வந்தவுடன் தாடையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"டாக்டர், இதை நீங்க வச்சிருக்கக் கூடாது, தெரியுமா? எலும்பா இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சட்டப்படி தப்பு."

எனக்கு வியர்த்துவிட்டது. வனத்துறையிடம் சொல்லி முறைப்படி எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் அவர் கையுறை போட்டு எண்ணத் தொடங்கினார். அவருக்கும் ஒருமுறை வந்த எண்ணிக்கை மறுமுறை வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"கீழ்த் தாடையை மட்டும் வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. புள்ளி ஓங்கலா இருக்கலாம். இல்லேன்னா..." என்று இழுத்தார். "இன்னொரு வகை இருக்கு. நிறையப் பேருக்குத் தெரியாது. வெப்பமான கடல்ல, அதுவும் ரொம்ப ஆழமான இடத்துலதான் இருக்கும். கரைப்பக்கம் வர்றது அபூர்வம். ரொம்ப காலத்துக்கு உலகத்துக்கே அதோட எலும்பு மட்டும்தான் தெரியும் டாக்டர். எங்கேயோ ஒரு கடற்கரையில கிடைச்ச எலும்பு. அதை உயிரோட பார்த்து இன்னதுன்னு கண்டுபிடிச்சது பல வருஷம் கழிச்சுத்தான்."

"எப்படி இருக்கும்?"

"தடியான உடம்பு. மூக்கு குட்டை. முதுகுத் துடுப்பும் சின்னது. நெருக்கிக்கிட்டுக் கூட்டமா வரும், தண்ணியே நுரைச்சுப் போகும். கண்ணைச் சுத்தி கறுப்பா ஒரு பட்டை, அப்படியே பின்னாடி வரைக்கும் ஓடும். வயிறு லேசா ரோஸ் கலர்ல இருக்கும்."

நானும் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வயிறு ரோஸ்" என்றார் சிஸ்டர் மெதுவாக. "கண்ணைச் சுத்தி கறுப்பு. ஐயோ மேடம், அந்த ஆளைத் தலைகீழா சாய்ச்சு குளுக்கோஸ் குடுத்தோமே."

சிரிப்பு வந்தது. அந்த மனிதர் தன் வாழ்நாளிலேயே அபூர்வமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்கு நாடி பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர் வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு, பல்லை இப்படியே விட்டால் அத்தனையும் பாழ் என்று மிரட்டி அவரை வரவழைத்தார். ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் வந்திருந்தார். இந்த முறை ஊசிக்கு முன்பே அவரைப் பேசவிட்டேன்.

"கவுறு உட்டா அடி எட்டாது, அவ்ளோ ஆழம். இஞ்சினு கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு. சும்மா நின்னுக்கினு கீறோம். தூரத்துல தண்ணி வெள்ளையா கொதிக்குது. அப்பால பாத்தா அத்தினியும் ஓங்கலு. நூறு கீதோ எரநூறு கீதோ. நான் பாத்த ஓங்கலு மாரி இல்ல. குண்டா, மூக்கே இல்லாத மாரி. திருடன் துணி கட்டிக்கினு வருவானே, அது கணக்கா கண்ணைச் சுத்தி கறுப்பு. திரும்பும்போது வயிறு ரோசு. வூட்ல வந்து சொன்னா பொண்டாட்டி நம்ப மாட்டேன்னுட்டா. எலும்பு கெடைச்சதும், சரி, இத்த வச்சு நிரூபிச்சுடலாம்னு பாத்தேன். நீங்க சாதாரணம்னுட்டீங்க."

ஆராய்ச்சிக்காரப் பெண் அந்த ஆழ்கடல் ஓங்கலின் படத்தைக் காட்டினார். மீனவர் வெகுநேரம் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"இதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதுல பட்டை ரொம்ப கறுப்பா கீதே. தெர்லம்மா. இதா இருக்கலாம்" என்றார்.

ஆணுக்குப் பட்டை அழுத்தமாக இருக்கும், பெண்ணுக்கும் குட்டிக்கும் மங்கலாகத் தெரியும் என்று அந்தப் பெண் விளக்கினார். மீனவர் தலையாட்டினார். அது புரிந்த தலையாட்டலா, நான் ஆட்டிய மாதிரியா என்று எனக்குத் தெரியவில்லை.

எலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பல வாரம் கழித்து முடிவு வந்தது: தாடை புள்ளி ஓங்கலுடையது. நிறையவே இருக்கும், எல்லோருக்கும் தெரிந்த வகை. அதாவது, வகையைத் தப்பாகச் சொல்லி வைத்த நான், அபூர்வம் ஒன்றும் இல்லை என்ற வரைக்கும் சரியாகச் சொல்லியிருக்கிறேன். நிரூபிக்க அவர் தூக்கிக்கொண்டு வந்த எலும்பு வேறு விலங்குடையது. எலும்பே இல்லாத அவர் பேச்சுதான் அந்த ஆழ்கடல் ஓங்கலோடு வரிக்கு வரி பொருந்தியது. "அவர் பார்த்ததை எழுதி வச்சிருக்கோம். உறுதியாகாத தகவல்னு போட்டு" என்றார் ஆராய்ச்சிக்காரப் பெண். இதை மீனவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் எனக்கே தலை சுற்றியது.

கடைசியில் அவரே போன் செய்து வழி சொன்னார். "நீங்க ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்து சொல்லுங்க டாக்டரம்மா. நீங்க சொன்னா நம்புவா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். கடலைப் பார்த்த குடியிருப்பு, முதல் மாடி. அவர் மனைவி மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ கொடுத்தார். நான் விளக்கினேன். எலும்பு அதனுடையது இல்லை, ஆனால் அப்படி ஓர் ஓங்கல் இருப்பது உண்மை, இவர் பார்த்தது அதுவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பொய் சொல்லியிருக்க முடியாது என்று.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"ரோஸ் ஓங்கலு வந்துச்சா வரலியான்னு நான் எப்ப கேட்டேன்? நூறு வரட்டும், ஆயிரம் வரட்டும். இஞ்சினு மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிச்சே, எத்தினி நேரம்னு கேளுங்க டாக்டர்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு" என்றார் அவர் மனைவி. "கரைக்குத் திரும்பும்போது ரெண்டு நாளு அடிச்சிக்கினு போயிருக்காங்க. ரெண்டாம் நாளு குடிக்கத் தண்ணி இல்ல. வேற ஒரு படகு பாத்து கட்டி இழுத்துக்கினு வந்திருக்கு. இத்தினியும் கூடப் போனவன் பொண்டாட்டி சொல்லி எனக்குத் தெரியுது. இது வூட்டுக்கு வந்து ஓங்கலு கதை சொல்லிக்கினு கீது. நம்ப மாட்டேன்னு சொன்னேன். ஆமா, சொன்னேன். இனிமே நீ சொல்றது ஒண்ணியும் நம்ப மாட்டேன்னு சொன்னேன்."

நாக்கு மரத்த நிலையில் அவர் காட்டிய இரண்டு விரல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு நாள் தாடையையும் பல்லையும் வைத்துக்கொண்டு யாரும் கேட்காத கேள்விக்கு நாங்கள் பதில் தேடியிருக்கிறோம்.

"பயந்துடுவியேன்னுதான்..." என்றார் அவர்.

"பயந்தேன். தெரிஞ்சப்புறம் தனியா பயந்தேன்."

எனக்கு எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்த ரெண்டு நாளுல எப்ப வந்துச்சு அது? மொத நாளா, ரெண்டாம் நாளா?"

"ரெண்டாம் நாளு காத்தால" என்றார் அவர். அவர் மனைவி தரையில் உட்கார்ந்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, இஞ்சின் நின்ற நேரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.